துவிச்சக்கரவண்டியிற் பூட்டிய எஞ்சினும் அதன் வலுவும்

துவிச்சக்கரவண்டியில் ஒரு சிறு எஞ்சினைப் பூட்டி ஓட்டும் வழக்கம் புதியதன்று. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், வாகனமும் எரிபொருளும் அரிதாயிருந்த நாடுகளில் அது விரைந்து பரவிற்று. 1946ஆம் ஆண்டிலே ஜப்பானின் ஹமமற்சு நகரிற் சொயிச்சிரோ ஹொண்டா என்பார், படையினரின் வானொலிக் கருவிகளுக்கு மின்னளிக்கவென ஆக்கப்பட்டுப் போரின் பின் எஞ்சிக்கிடந்த சிறு எஞ்சின்களை வாங்கித் துவிச்சக்கரவண்டிகளிற் பூட்டி விற்றார். பெற்றோல் போதாமையாற் பைன் மரத்தெண்ணெய் கலந்த எரிபொருளும் அவற்றிற்கு ஊற்றப்பட்டது. 1990களில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியோர்க்கு இச்செய்தி வியப்பளிக்காது.

இன்று இவ்வாறு பூட்டுவதற்கெனத் தனியே விற்கப்படும் பெற்றோல் எஞ்சின்களிற் பெரிதும் காணப்படுவது சீனத்தில் ஆக்கப்படும் ஈரடிப்பு எஞ்சினாகும். 80 கன சென்ரிமீற்றர் எனப் பெயர் கூறி அதனை விற்பர். ஆனால் அதன் உருளை விட்டம் 47 மில்லிமீற்றர். அடிப்பின் நீளம் 38 மில்லிமீற்றர். கணக்கிட்டுப் பார்ப்பின் கனவளவு 66 கன சென்ரிமீற்றரே. விளம்பரத்தில் மட்டும் வாழும் எஞ்சிய பதினான்கையும் எவ்வாறேனும் பெற்றுவிட வேண்டுமென்ற அவாவே பலரைப் பழுதான வழிகளிற் செலுத்துகின்றது.

வலுவைக் கூட்டுமுன், உள்ள வலு எங்கெங்கே வீணாகின்றது என ஆராய்தலே முறை. ஈரடிப்பு எஞ்சினிற் காற்றும் பெற்றோலும் சேர்ந்த கலவை முதலிற் பிஸ்டனுக்குக் கீழுள்ள அறையுட் புகுந்து, அங்கே அமுக்கப்பட்டுப் பக்க வழிகளால் மேலேறி உருளையை அடைகின்றது. மலிவாக வார்க்கப்பட்ட எஞ்சின்களில் இவ்வழிகள் கரடுமுரடாயிருக்கும். இணைப்புகளுக்கிடையே வைக்கும் கடதாசித் தகடும் துவாரத்தின் ஒரு பகுதியை மறைத்து நிற்கும். அத்தகட்டை அளவாக வெட்டி, வழியின் விளிம்புகளை அரத்தால் மெல்ல ஒப்பமாக்கினாற் செலவின்றியே பயன் கிட்டும். சங்கிலி நேராக ஓடுகின்றதா என்பதையும் உடன் பார்த்துக்கொள்க.

இனிக் கலவையைப் பற்றிச் சற்று விரித்துக் கூறவேண்டும். பெற்றோல் குறைந்து காற்று மிகுந்த கலவையில் எஞ்சின் சிறிது நேரம் மிகுந்த உற்சாகத்துடன் ஓடும். ஓட்டுபவர் மகிழ்வர். ஆனால் வெப்பம் ஏற ஏறப் பிஸ்டன் விரிந்து உருளையை இறுகப் பற்றிக்கொள்ளும். இவ்வண்டிகளிற் கிளச்சை விட்டிருக்கும்போது எஞ்சினும் பின்சில்லும் சங்கிலியால் நேரே பிணைக்கப்பட்டுள்ளன; ஆதலின் எஞ்சின் இறுகியதும் சில்லும் இறுகும். அக்கணமே கிளச்சைப் பிடியாவிடின் வீழ்ச்சி நேரும். இன்னுமொரு மயக்கமும் உண்டு. எஞ்சினைக் காக்க வேண்டிச் சிலர் பெற்றோலில் எண்ணெயை மிகுதியாகக் கலப்பர். காபரேற்றரின் சிறு துவாரத்தினூடு செல்லும் நீர்மத்தில் எண்ணெய் கூடினாற் பெற்றோல் குறையுமாதலின், கலவை மேலும் வறியதாகும்! எண்ணெயின் அளவை மாற்றினால் துவாரத்தையும் ஊசியின் நிலையையும் மீண்டும் சரிபார்த்தல் வேண்டும். எஞ்சின் முழு விசையில் ஓடியபின் உடனே நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது பழைய சோதனை. இன்றும் நல்ல சோதனை. அதன் முனை இளங்கபிலமாயிருப்பின் நன்று. வெளிறியிருப்பின் பெற்றோல் போதாது. கரிபடிந்து ஈரமாயிருப்பின் மிகுதி. காற்றுக் கசியும் இணைப்பு ஒன்றிருந்தால் இவ்வொழுங்குகள் யாவும் பயனற்றுப் போகும்.

புகைக்குழாயின் மருமத்தை உலகறியச் செய்தவர் கிழக்கு ஜேர்மனியின் எம். இசட். தொழிற்சாலையிற் பணியாற்றிய வால்ரர் காடென். வாயு வெளியேறும்போது குழாயில் ஓர் அமுக்க அலை ஓடுகின்றது. குழாய் விரியுமிடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி எரிந்த வாயுவை இழுக்கும்; ஒடுங்குமிடத்தில் அமுக்க அலையாகத் திரும்பி, வெளியே தப்பிய புதுக்கலவையை உருளைக்குள் மீளத் தள்ளும். இவ்வாறு 1961இல் அவருடைய 125 கன சென்ரிமீற்றர் எஞ்சின் 25 பரிவலு தந்தது; அஃதாவது லீற்றருக்கு 200 பரிவலு. அவ்வாண்டே அவரது ஓட்டவீரர் ஏர்ன்ஸ்ற் டெக்னர் மேற்கே தப்பியோடிச் சுசுக்கியிற் சேர்ந்தார். 1962இல் 50 கன சென்ரிமீற்றர் உலகப் பட்டம் சுசுக்கிக்குக் கிடைத்தது. ஆயினும் அலை உரிய நேரத்திற் திரும்புவது ஒரு குறுகிய சுழற்சி வேக எல்லைக்குள் மட்டுமே. குழாய் குறுகக் குறுக அவ்வெல்லை மேலே செல்லும். மலிவான எஞ்சினின் அச்சும் தாங்கிகளும் அவ்வேகத்துக்கு ஆக்கப்பட்டவையல்ல; ஆகையால் நீண்ட குழாயே இதற்குத் தக்கது.

வேகத்தை இறுதியிற் தீர்மானிப்பது பற்சக்கரமே. எஞ்சினுள் 4.1, சங்கிலியில் 44க்கு 10 என வேகம் குறைக்கப்படும்போது மொத்த விகிதம் ஏறத்தாழ 18. 26 அங்குலச் சில்லுடன், நிமிடத்துக்கு 5000 சுற்றில் மணிக்கு 34 கிலோமீற்றர் கிடைக்கும். பின்சக்கரத்தை 36 பல்லாக மாற்றின் அதே சுற்றில் 42 கிலோமீற்றர். ஏற்றத்தில் இழுக்கும் விசை அதே விகிதத்திற் குறையும். அன்றியும், இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், நிறுத்தும்போது தடுப்புக்கட்டைகள் ஒன்றரை மடங்கு சக்தியை விழுங்க வேண்டும். மிதிப்பதற்கென ஆக்கப்பட்ட றப்பர்க் கட்டைகள் மழைநாளில் அதற்கு ஈடுகொடுக்கா. எனவே முன்சில்லுக்குத் தக்க தடுப்பைப் பூட்டியபின்னரே பற்சக்கரத்தில் கைவைக்கலாம். அச்சக்கரம் பின்சில்லின் கம்பிகளைப் பற்றியே நிற்பதால், பூட்டிய முதல் நாட்களில் அதன் சுரைகளை ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் இறுக்கிப் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.