செவிநரம்புக் கட்டியும் தேர்ந்த சிகிச்சையும்

தலையினுள்ளே கட்டியொன்று உளதென வைத்தியர் கூறக் கேட்பவர், தம் வாழ்நாள் முடிந்ததென்றே அஞ்சுதல் இயல்பு. ஆயினும் தலையுள் தோன்றும் கட்டிகள் யாவும் ஒரே தன்மையின அல்ல. அவற்றுள் ஒன்றாகிய செவிநரம்புக் கட்டியின் இயல்பை அறிந்தார்க்கு அச்சம் பெரிதும் தணியும். செய்யத்தக்கது யாதென்பதும் புலனாகும்.

உட்செவியிலிருந்து மூளைக்குச் செல்லும் எட்டாவது மண்டை நரம்பு இரு கூறுகளையுடையது. ஒன்று ஒலியுணர்வையும் மற்றையது உடலின் சமநிலை உணர்வையும் கொண்டு செல்கின்றன. சமநிலை நரம்பைப் போர்த்துள்ள கலங்களிலேயே இக்கட்டி பெரும்பாலும் தோன்றுகின்றது. அக்கலங்கள் தியடோர் சுவான் என்னும் ஜெர்மானிய அறிஞரின் பெயரால் சுவான் கலங்கள் எனப்படும். இக்கட்டி பொதுவாகப் புற்றுநோயன்று. பிற உறுப்புகளுக்குப் பரவுவதுமன்று. வளர்வனவும் பெரும்பாலும் ஆண்டுக்கு 1 அல்லது 2 மில்லிமீற்றர் அளவே வளரும். பல ஆண்டுகள் வளராதிருப்பனவும் உள.

ஒரு காதில் மட்டும் கேள்வி குன்றுதல், அக்காதில் இடையறாத இரைச்சல், நடையிலே தள்ளாட்டம் என்பன இதன் அறிகுறிகள். தொலைபேசியை ஒரு காதில் வைத்தால் சொல் விளங்காது, மறு காதில் வைத்தால் விளங்குவதைக் கொண்டு நோயை முதலில் உணர்ந்தாரும் உளர். இதனை முதுமையின் விளைவென்று விட்டுவிடலாகாது. காந்தப் பரிவுப் படம் ஐயத்தை நீக்கும்.

1917ஆம் ஆண்டில் இந்நோயைப் பற்றி ஹாவி குஷிங் என்னும் அமெரிக்க வைத்தியர் நூலொன்று வெளியிட்டார். அக்காலத்தில் உயிரைக் காத்தலே பெருங்காரியமாயிருந்தது. 1960களில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் வில்லியம் ஹவுஸ் நுணுக்குக்காட்டியின் துணையுடன் சத்திர சிகிச்சை செய்து, முகநரம்பையும் காக்கும் வழியை வளர்த்தார். 1969இல் ஸ்ரொக்ஹோம் நகரில் லார்ஸ் லெக்செல் காமாக் கதிர்களைக் கட்டியின்மீது குவித்துச் சிகிச்சையளித்தார். ஆகவே இன்று வழிகள் மூன்று: காலந்தோறும் படமெடுத்து அவதானித்தல், கதிர்ச் சிகிச்சை, சத்திர சிகிச்சை. கட்டியின் அளவு, நோயாளியின் வயது, எஞ்சிய கேள்வித்திறன் என்பவற்றுக்கேற்ப வழி வேறுபடும். மூளைத்தண்டை அழுத்தும் பெருங்கட்டி காத்திருக்க இடந்தராது. சிறுகட்டியோ ஆராய்ந்து தெளியக் காலம் தரும்.

அக்காலத்தை அனுபவமுள்ள வைத்தியரைத் தேடுவதிற் செலவிடல் வேண்டும். எலும்பிலமைந்த குறுகிய கால்வாயொன்றில் முகநரம்பும் செவிநரம்பும் அருகருகே செல்கின்றன. முகநரம்பு ஊறுபட்டால் முகம் கோணும், கண்ணிமை மூடாது. ஆதலின் பலகாற் பழகிய கையே வேண்டற்பாலது. 1991இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் மாநாடும் அனுபவம் வாய்ந்த குழுவின் இன்றியமையாமையை வலியுறுத்திற்று. இத்தகைய கட்டிகள் எத்தனைக்குச் சிகிச்சை செய்துள்ளீர்கள்? அவர்களுள் எத்தனை பேரின் முகநரம்பு பழுதின்றி இயங்குகின்றது? எத்தனை பேர் கேள்வியை இழந்தனர்? இவற்றை வினவுதல் வைத்தியரை அவமதிப்பதாகாது. நல்ல வைத்தியர் விடை கூறத் தயங்கார். சத்திர வைத்தியர், கதிர்ச் சிகிச்சை நிபுணர் ஆகிய இரு திறத்தார் கருத்தையும் கேட்டபின் முடிவு செய்தலே நன்று. முன்னர் இந்நோயுற்றுத் தேறியவரோடு உரையாடுதலும் மனத்துக்கு உரமளிக்கும்.

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வைத்தியத்தின் நான்கு கூறுகளுள் நோயுற்றவரையே முதலில் வைத்தார். நோயாளி சிகிச்சையை ஏற்பவர் மாத்திரமல்லர், அதன் உறுப்புமாவார். அஞ்சி ஒடுங்காது, அவசரப்படாது, அறிந்து வினவித் தெரிதலே இந்நோயில் அவர் ஆற்றவேண்டிய பங்காகும்.