கணுக்கால் சுளுக்கு

கணுக்கால் சுளுக்கு என்பது கணுக்கால் எலும்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் தசைநார்கள் அளவுக்கு மீறி இழுபடுவதால் அல்லது கிழிவதால் ஏற்படும் காயம் ஆகும். பாதம் உட்புறமாக மடங்கும்போது பெரும்பாலும் வெளிப்புறத் தசைநார்களே பாதிக்கப்படுகின்றன.

வலி, வீக்கம், தோல் கன்றுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். எலும்பு முறிவிலும் இவையே தோன்றுவதால், உடனே உருவிச் சுளுக்கெடுப்பது கேடு விளைவிக்கலாம். கனடாவில் உருவாக்கப்பட்டு 1992-இல் வெளியிடப்பட்ட ஒட்டாவா கணுக்கால் விதிகளின்படி, கணுக்கால் வலியுள்ளவரால் காயம்பட்டபோதும் பரிசோதனையின்போதும் நான்கு அடி நடக்க இயலாவிட்டாலோ, இருபுறமும் புடைத்துள்ள எலும்புகளின் நுனியையோ பின்விளிம்பையோ அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்க வேண்டும்.

ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மீண்டும் சுளுக்கும் வாய்ப்பு அதிகம். குணமடையும் காலத்தில் ஒற்றைக்காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சிகள் அவ்வாய்ப்பைக் குறைக்கின்றன.