ஓடைக்கும் இடம் விடுங்கள்



எங்கள் தோட்டப் பள்ளிக்குப் பின்புறம் ஓர் ஓடை ஓடுகிறது. நான் பணியில் சேர்ந்த காலத்தில், அதன் அடியில் கிடக்கும் கூழாங்கற்களைக்கூட மாணவர்கள் எண்ணிவிடுவார்கள். பிறகு, மேலே இருந்த பால்மரக்காடு வீடமைப்புக்காக விலைபோயிற்று. புல்டோசர்கள் வந்து குன்றை மொட்டையடித்தன. அடுத்த பெருமழையில் முதலாம் வகுப்பு அறைக்குள் கணுக்கால் அளவு செம்மண் சேறு! பிள்ளைகளின் புத்தகங்களை வெயிலில் உலர்த்தினோம். ஓடைக்கரை அரிபட்டு, கடைசி லயத்துச் சமையற்கட்டுக்குப் பத்தடி தூரத்தில் வந்து நின்றது.

"மழை அதிகம், என்ன செய்வது?" என்று பலர் பெருமூச்சு விட்டார்கள். பழியை மழையின்மேல் மட்டும் போடலாமா?

நீர் ஏன் சீறுகிறது?

மரங்கள் நின்றபோது மழைத்துளி இலையில் விழுந்து, சருகில் இறங்கி, மெல்ல மண்ணுக்குள் சென்றது. கூரையும் தார்ச்சாலையும் நீரைக் குடிப்பதில்லை. அத்தனை நீரும் ஒரே நேரத்தில் ஓடைக்கு ஓடுகிறது. வெறுந்தரை மண்ணும் கரைந்து வந்து ஓடையின் அடியில் படிகிறது. ஆழம் குறைந்த ஓடை அதிக நீரை எப்படித் தாங்கும்? கரையை மீறுகிறது. வளைவுகளில் வெளிப்பக்கக் கரையை முட்டிமுட்டி அரிக்கிறது. வளைவை நிமிர்த்திச் சிமெண்டு பூசினால் தீருமா? நீர் இன்னும் விரைந்து ஓடி, கீழே குடியிருப்பவர் வாசலில் கொட்டும்.

2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் உதவிக்குக் காத்திருந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய பேய்மழையை எந்த ஆறும் எளிதில் தாங்காது என்பது உண்மையே. ஆனால் குறைக்க முடிந்த கேட்டைக் குறைக்காமல் விடலாமா?

நம் பெரியோர் அறிந்த வேலை

இதற்கான வழி நமக்குப் புதிதல்ல. நம் பாட்டன்மார் குன்றுச் சரிவில் படிவெட்டி மரம் நட்டார்கள். மண் அடித்துச் செல்லாதபடி நிரைகளுக்கு இடையே குழி வெட்டினார்கள். வெறுந்தரையில் பயற்றினக் கொடிகளைப் படரவிட்டார்கள். இன்று பொறியாளர்கள் சொல்வதும் இதையேதான். முழுக் குன்றையும் ஒரே நாளில் வெட்டாதே. பகுதி பகுதியாக வெட்டு. வெட்டிய இடத்தில் உடனே புல் பதி. சேற்றைப் பிடிக்கக் குளம் வெட்டு. வெள்ளநீரைத் தேக்கி மெல்ல விடு.

விதிகளும் இருக்கின்றன. மண்வேலைக்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும் என்கிறது 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம். மழைநீரை அந்தந்த இடத்திலேயே கட்டுப்படுத்த வேண்டும் என்று வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் கையேடு 2000ஆம் ஆண்டிலேயே வலியுறுத்தியது. ஆற்றோரம் ஒதுக்கப்பட வேண்டிய நிலத்துக்கும் அந்த இலாகா அளவு வகுத்திருக்கிறது. 5 மீட்டருக்குக் குறைந்த ஓடைக்கு இருபுறமும் 5 மீட்டர். 40 மீட்டருக்கு மேற்பட்ட ஆற்றுக்கு 50 மீட்டர்.

நாம் செய்யக்கூடியவை

சிறு மழைக்கே ஓடைநீர் தேத்தண்ணீர் நிறமாகிறதா? கரைமரங்களின் வேர் வெளியே தெரிகிறதா? கரையை ஒட்டி நீளவாக்கில் வெடிப்பு ஓடுகிறதா? இவை எச்சரிக்கைகள். தேதியைக் குறியுங்கள், படம் எடுங்கள், பலர் கையெழுத்துடன் ஊராட்சி மன்றத்துக்கும் இலாகாவுக்கும் மனு அனுப்புங்கள். வெடித்த கரையில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். நாமும் சும்மா இருக்கலாகாது. ஓடையில் குப்பை கொட்டுவதையும், கரையோரம் கோழிக்கூண்டும் கொட்டகையும் கட்டுவதையும், கரையைப் பிடித்து நிற்கும் மூங்கிலை வெட்டுவதையும் நிறுத்துவோம்.

எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இப்படித்தான் மனுச் செய்தது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். குன்றடியில் சேறு பிடிக்கும் குளம் வெட்டப்பட்டது. வகுப்பறைக்குள் இப்போது சேறு வருவதில்லை. ஆனால் போன கரை போனதுதான். கடைசி லயத்துக் குடும்பங்கள் வேறு வீடு மாறினார்கள். மனுவை ஓராண்டு முன்னதாக எழுதியிருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்பது நம் பழமொழி. உங்கள் ஓடையை இன்றே ஒருமுறை போய்ப் பாருங்கள்.