திண்ணைக்கு வந்த சர்வகலாசாலை

சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவரும் யாழ்ப்பாணத்தவர்களே. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஒருவர், கறல் விசுவநாதபிள்ளை மற்றவர். வட்டுக்கோட்டையிற் பயின்று, கடல் கடந்து சென்று பட்டம் பெற்றனர். இன்றோ பட்டம் நம் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டது.

1980இல் தோன்றிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்திலும் பிராந்திய நிலையம் உண்டு. தொழில் பார்ப்போரும் பிள்ளை வளர்ப்போரும் தொலைவிலிருந்தே பயில இது வழி திறந்தது. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபொழுது, ஏனைய மாணவரின் விரிவுரைகளும் கைப்பேசிக்குள் புகுந்தன. 2022இல் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை நீண்டபோது அவர்கள் பட்ட பாட்டை அயலிலிருந்தோர் அறிவர்.

பட்டம் பெற்ற பின் என்ன? 2017இல் யாழ் மாவட்டச் செயலகத்தின் முன் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காய் அமர்ந்திருந்தனர். உத்தியோகமென்றால் அரசாங்க உத்தியோகமே என்னும் நம் பழைய எண்ணம் அன்று தெருவில் வாடிக் கிடந்தது. எனவே படிக்கும்போதே சிறு கைத்தொழில் தொடங்கும் மாணவரை நாம் மனமாரப் போற்றுகிறோம்.

அதற்குப் பனையை விடச் சிறந்த துணை எது? சோறு கட்டும் 'லஞ்ச் ஷீற்' 2017 செப்டெம்பரில் தடைசெய்யப்பட்டது. ஓலைப் பெட்டிக்கு இடம் பிறந்தது. ஆனால் பெட்டி இழைப்பதற்கு வேண்டிய சார்வோலையை அளவின்றி வெட்டினால் மரம் மெலியும். குருத்துக்குக் கேடு செய்துவிட்டு 'இயற்கைப் பொருள்' என்று விளம்பரம் செய்வது நகைப்புக்கிடம். ஒடியலோ பொறுமை கேட்கும் பண்டம். ஆவணியிற் பொறுக்கிய பனங்கொட்டையைப் பாத்தியிலிட்டால், கிழங்கு கிண்ட மாதங்கள் செல்லும். பிளந்து வெயிலிற் காயவைத்த பின்னரே விலைக்காகும். அதுவரை முதல் மண்ணுள் உறங்கும். பரீட்சைக் கட்டணத்துக்கு வைத்த பணத்தை இதிற் போடலாகாது.

கணக்கிலும் ஒரு குறை காண்கிறோம். ஓலை வாங்கிய காசை எழுதுவர்; இழைத்த நேரத்தை எழுதார். தாயும் பாட்டியும் இழைத்துக் கொடுத்த பெட்டிகளை விற்று, கிடைத்ததெல்லாம் இலாபமென மகிழ்வர். அவர்களுக்குக் கூலி கொடுத்த பின் மிஞ்சுவது எதுவோ அதுவே இலாபம். மிஞ்சவில்லையெனில் விலையை உயர்த்த வேண்டும். உள்ளூரில் கூசினால் கொழும்பிலும் கடல் கடந்தும் வாழும் நம்மவரிடம் கேட்கலாம்.

இறுதியாகத் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. மகன் கைப்பேசி முன் இருந்தால் 'தம்பி படிக்கிறான்' என்கிறோம். மகள் இருந்தால் அரிசி களையக் கூப்பிடுகிறோம். அவளுக்கும் விரிவுரை முடியும்வரை இரண்டு மணி நேரம் கொடுங்கள். அரிசியைத் தம்பி களையட்டும்.