வியட்நாமில் விருந்தாளியாக

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

"பாம்பு தின்னும் ஊருக்குப் போனால் நடுத்துண்டு நமக்கு" என்பது நம் பெரியவர்கள் சொல்லி வைத்த பழமொழி. சொல்வது எளிது. ஆனால் அந்த நடுத்துண்டை யார் எடுத்த பிறகு நாம் எடுப்பது, எடுக்கும் முன் என்ன சொல்வது என்பவற்றைப் பழமொழி சொல்லவில்லை. அவற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுத நேர்ந்த காரணத்தை முதலில் கூறிவிடுகிறேன். என் பெரியம்மா மகன் பெருங்களத்தூரில் இருக்கிறார். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அவரை மூன்று மாதப் பயிற்சிக்காக வியட்நாம் நாட்டின் ஹோ சி மின் நகருக்கு அனுப்புவதாக நிர்வாகம் அறிவித்தது. திரிசூலம் ரயில் நிலையத்தில் நின்று எதிரே விமானம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் குடும்பத்தில் விமானத்தில் ஏறப்போகும் முதல் ஆள் அவர்; கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே, "படிக்கிற பிள்ளைதானே, அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பார்த்துச் சொல்" என்ற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அண்ணனுக்குப் பயம் விமானத்தைப் பற்றியதன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரி ஒருவரை அவர் "அண்ணா" என்று அழைத்துவிட்டார். "இது என்ன உங்க ஊர் டீக்கடையா?" என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நம்மூரிலேயே இப்படி என்றால் அயல்நாட்டில் எதற்கெல்லாம் சிரிப்பார்களோ என்பதுதான் அவர் கவலை. நான் படித்துத் தெரிந்துகொண்டதையும், அவர் போய்வந்து சொன்னதையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

நமக்குப் புதிய நாடன்று

வியட்நாம் ஏறக்குறைய 10 கோடி மக்கள் வாழும் நாடு. தலைநகரம் வடக்கே உள்ள ஹனோய். தெற்கே உள்ள பெருநகரம் சைகோன். 1975 ஏப்ரல் 30 அன்று போர் முடிந்தது. 1976-இல் சைகோனுக்கு ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாற்றினார்கள். மக்கள் பேச்சில் இன்றும் சைகோன்தான்.

சைகோன் தமிழர்களுக்குப் பழக்கமான ஊர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் அங்கே அரசாங்க வேலை பார்த்தார்கள். செட்டிநாட்டு நகரத்தார் வட்டிக்கடை வைத்தார்கள். தமிழ் முஸ்லிம்கள் துணி வியாபாரம் செய்தார்கள். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் கட்டிய மசூதி இன்றும் நகரின் நடுவே நிற்கிறது. போருக்குப் பின் தமிழர்களில் பெரும்பாலோர் வெளியேறிவிட்டனர். ஆயினும் மாரியம்மன் கோயிலும் தண்டாயுதபாணி கோயிலும் உள்ளன. மாரியம்மன் கோயிலுக்கு வருவோரில் மிகப் பலர் வியட்நாமியர். ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டு, கருங்கல் சுவரில் முகத்தைப் பதித்துத் தங்கள் குறையை முணுமுணுக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அங்கே போனார். "நம்ம அம்மன்கிட்ட அவங்க பாஷையில வேண்டுதல் சொல்றாங்க. அம்மனுக்குப் புரியாமலா இருக்கும்?" என்றார்.

முறை வைத்து அழைத்தல்

வியட்நாமியப் பண்பாட்டின் திறவுகோல் உறவுமுறைச் சொற்களே. 'நான்', 'நீ' என்பவற்றுக்குப் பதிலாக அவர்கள் முறைப்பெயர்களையே வழங்குகிறார்கள். தம்மைவிட மூத்த ஆண் 'அன்'. மூத்த பெண் 'சி'. இளையவர் ஆணானாலும் பெண்ணானாலும் 'எம்'. தந்தைக்கு மூத்தவர் வயதுடையவர் 'பாக்'; இளையவர் 'சூ'. அத்தை 'கோ', தாய்மாமன் 'கௌ'. தாத்தா 'ஓங்', பாட்டி 'பா'. ஆங்கிலத்தில் இவர்களில் மூவர் 'அங்கிள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவர். நமக்கோ பெரியப்பா வேறு, சித்தப்பா வேறு, மாமா வேறு. வியட்நாமியருக்கும் அப்படியே. ஹோ சி மின்னை அந்நாட்டு மக்கள் 'பாக் ஹோ' என்பர். நாம் சொல்வதானால் 'ஹோ பெரியப்பா'.

தம்மைக் குறிக்கவும் அதே முறைப்பெயர்தான். மூத்தவரிடம் பேசும்போது, "எம் போய்வருகிறேன்" என்பார்கள். "அப்பா சொல்றேன், கேளு" என்று நம் வீட்டில் தந்தை பேசுவதில்லையா? அதுபோலத்தான்.

எனவே முதல் சந்திப்பிலேயே, "உங்களுக்கு என்ன வயது?" என்று கேட்டுவிடுவார்கள். வெள்ளைக்காரர் இதைக் கேட்டு முகம் சுளிப்பதுண்டு. வயது தெரியாமல் முறை வைக்க முடியாது என்பதே காரணம். வம்பு விசாரணை அன்று. அண்ணனின் மேற்பார்வையாளரும் முதல் நாளே கைப்பேசி மொழிபெயர்ப்பின் துணையோடு வயதைக் கேட்டாராம். இருபத்தேழு என்றதும், "நான் அன், நீ எம்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாராம். இங்கே சிரிப்புக்கு இடமான அந்த 'அண்ணா' அங்கே அலுவலக ஒழுங்காகவே இருந்தது!

தென் வியட்நாமில் இன்னொரு விந்தை உண்டு. வீட்டின் மூத்த பிள்ளையை 'ஹாய்', அதாவது 'இரண்டு' என்று அழைப்பார்கள். அடுத்த பிள்ளை 'மூன்று'. 'ஒன்று' என்று அழைக்கப்படும் பிள்ளையே இல்லை.

பெயரும் ஒலியும்

வியட்நாமியப் பெயரில் குடும்பப் பெயர் முதலிலும், சொந்தப் பெயர் கடைசியிலும் வரும். அழைப்பது கடைசிப் பெயரால். போர்த்தளபதி வோ நுயென் சியாப்பை உலகமே 'ஜெனரல் சியாப்' என்றது இதனால்தான். 'நுயென்' என்பது மிகப் பரவலான குடும்பப் பெயர். ஒரு பட்டறையில் நின்று "நுயென்!" என்று கூப்பிட்டால் பலர் திரும்பிப் பார்ப்பர். ஆகவே முறைப்பெயரையும் கடைசிப் பெயரையும் சேர்த்து 'அன் நாம்', 'சி லான்' என்பதுபோல் அழைப்பதே மரியாதை.

மொழியை ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். எழுத்தின் மேலும் கீழும் உள்ள குறிகள் குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டுவன. 'மா' என்ற ஒரே ஒலி, ஏற்ற இறக்கத்திற்கேற்ப பேய், தாய், கல்லறை, நாற்று என்று பொருள் மாறும். நான் தமிழ் எழுத்தில் தருவது அடையாளத்திற்கு மட்டுமே. சரியான உச்சரிப்பை அவ்வூராரிடம் கேட்டுப் பழக வேண்டும். வணக்கத்திற்கு 'சின் சாவ்', நன்றிக்கு 'காம் அன்', மன்னிக்க என்பதற்கு 'சின் லோய்'. இம்மூன்றும் இருந்தால் முதல் வாரம் ஓடிவிடும்.

சாப்பாட்டு முறை

"அன் கம் சுவா?" என்றால் "சோறு சாப்பிட்டாச்சா?" என்று பொருள். இது நம்மூரைப் போலவே நலம் விசாரிப்பு. சாப்பிட்டாயிற்று என்று சொல்லிச் சிரித்தால் போதும்.

சோறு தனித்தனிக் கிண்ணத்தில். குழம்பும் கறியும் நடுவில் எல்லோருக்கும் பொது. பெரியவர் தொடங்கும் முன் சிறியவர் கை வைப்பதில்லை. உண்ணும் முன் மூத்தவர்களைப் பார்த்து 'மொய்' என்பதுபோல் ஒலிக்கும் ஒரு சொல்லைச் சொல்வார்கள். 'சாப்பிடுங்கள்' என்று அழைப்பதாகப் பொருள். நம் கல்யாண மொய்க்கும் இதற்கும் ஒலி ஒற்றுமையே அன்றி உறவில்லை.

உண்ணும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது. இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில் ஊதுவத்தி நட்டதுபோல் அது தோன்றும். அண்ணன் முதல் நாளே அந்தத் தவறைச் செய்துவிட்டார். கேன்டீனில் பரிமாறிய அம்மாள் ஒன்றும் பேசாமல் குச்சிகளை எடுத்துக் கிண்ணத்தின் மேல் படுக்க வைத்துவிட்டு அவர் தோளைத் தட்டினாராம்.

சைவ உணவினர் 'சை' என்ற சொல்லை நினைவில் வைக்க வேண்டும். நமக்கு அது அருவருப்புச் சொல். அங்கே அதுதான் மரக்கறி உணவு. பௌத்தர் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இறைச்சி தவிர்ப்பர். அன்று சைவக் கடைகளில் கூட்டம் மிகும். மற்றக் கடைகளில் காய்கறியிலும் மீன்சாறு சேர்ப்பதுண்டு. கேட்டு வாங்குவது நல்லது. தேங்காய்ப்பால் ஊற்றிய கோழிக் 'காரி'யும் ரொட்டியும் அங்கே கிடைக்கும். அப்பெயர் நம் 'கறி' என்ற சொல்லின் வழி வந்தது.

தலையாட்டலும் 'யா'வும்

பெரியவர் எது சொன்னாலும் தெற்கத்தியர் 'யா' என்பர். அது பணிவுச் சொல்; "கேட்டுக்கொண்டேன்" என்றுதான் பொருள், "சம்மதம்" என்று எப்போதும் பொருளன்று. நாமோ எதற்கும் தலையை இருபுறமும் ஆட்டுகிறோம். அவர்கள் அதை மறுப்பு என்று எண்ணிக்கொள்வர். 'யா'வும் தலையாட்டலும் சந்தித்தால் இயந்திரத்தின் அளவே மாறிப்போகலாம்! வேலையிடத்தில், "எப்படி என்று ஒருமுறை செய்து காட்டுங்கள்" என்பதே பாதுகாப்பு.

பலர் முன்னிலையில் ஒருவரைக் கடிந்துகொள்வதும் குரலை உயர்த்துவதும் அங்கே பெருங்குறை. பணமோ பொருளோ பெரியவரிடம் இரு கைகளாலும் கொடுக்க வேண்டும். விரலை நீட்டி அழைக்காமல் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்து அழைக்க வேண்டும். வீட்டுக்குள் செருப்பு ஆகாது. மதிய உணவுக்குப் பின் தொழிற்சாலையிலேயே பாய் விரித்துச் சற்று உறங்குவது வழக்கம். அந்நேரம் சத்தம் போடலாகாது.

தெருவும் பணமும்

அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்லும்; எனவே கடக்கும் முன் முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். நாட்டில் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 7 கோடிக்கு மேல். சாலையை மெதுவாக, சீராக நடந்து கடக்க வேண்டும். வண்டிகள் நம்மைச் சுற்றிப் போய்விடும். தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலையில் நாம் செய்வதுபோல் பாதியில் நின்று பின்வாங்கினால் ஆபத்து. நம் நாட்டு ஓட்டுநர் உரிமத்தை நம்பி வண்டி எடுக்கவும் கூடாது.

நாணயம் 'டாங்'. ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங். முதல் நாளே எல்லோரும் லட்சாதிபதிதான்! 20,000 தாளும் 5,00,000 தாளும் நீல நிறச் சாயல் கொண்டவை. எல்லாத் தாள்களிலும் ஹோ சி மின் படமே. சுழியங்களை எண்ணிக் கொடுக்க வேண்டும். மின்சாரம் ஏறக்குறைய நம்மைப்போலவே, 220 வோல்ட். ஆனால் நம் மூன்று முனைப் பிளக் பொருந்தாது. கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே திருப்பிக்கொள்ள வேண்டும்.

தெத் பண்டிகை

ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் சந்திரப் புத்தாண்டு 'தெத்'. கடைகள் பல நாள் மூடியிருக்கும். பயணச்சீட்டு கிடைப்பது அரிது. வீட்டைத் துப்புரவாக்கி, கடனை அடைத்து, பிறந்த ஊருக்குச் செல்வார்கள். அரிசியும் பயத்தம்பருப்பும் பன்றி இறைச்சியும் இலையில் கட்டி மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். அரிசியும் பருப்பும் என்றவுடன் நமக்குப் பொங்கல் நினைவு வரும். குழந்தைகளுக்குச் சிவப்பு உறையில் பணம் தருவர். புத்தாண்டு காலையில் முதலில் வாசல் மிதிப்பவரே அவ்வாண்டின் பலனைக் கொண்டுவருகிறார் என்பது நம்பிக்கை. ஆதலால் அழைப்பின்றி அன்று எவர் வீட்டுக்கும் போகக் கூடாது.

போகுமுன் ஒரு சொல்

2023 ஆகஸ்ட் முதல் மின்னணு விசாவில் 90 நாள் வரை தங்கலாம். ஆனால் வேலை செய்ய வேலை அனுமதி தனியே வேண்டும். தங்கும் இடத்தின் உரிமையாளர் நம் வருகையைக் காவல்துறையில் பதிவு செய்ய வேண்டும். செய்தாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சுற்றுலா விசாவில் வேலை வாங்கித் தருவதாகத் தரகர் சொன்னால் நம்பக் கூடாது. அப்படிப் போன தமிழ் இளைஞர்கள் கம்போடியாவிலும் மியான்மரிலும் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கித் தவித்த செய்திகள் 2022 முதல் வந்தவண்ணம் உள்ளன. முகவர் பதிவு பெற்றவர்தானா என்பதைச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். நம்மில் பலர் நாளை வேலை தேடப் போகிறவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முடிவாக

அண்ணன் நல்லபடியாகத் திரும்பி வந்தார். "அங்கே புதுசா ஒண்ணும் கத்துக்கல, அம்மா சொல்லிக் குடுத்ததே போதுமா இருந்தது" என்றார். குச்சி பிடிப்பதையும் சாலை கடப்பதையும் கற்றுக்கொண்டார் என்பது உண்மை. ஆனால் பெரியவர் உண்ணும் வரை காத்திருப்பதும், முறை வைத்து அழைப்பதும், இரு கையால் கொடுப்பதும் அவர் வீட்டிலிருந்து கொண்டுபோனவை. கல்லூரிக்கு வந்த முதலாண்டில் என் பேச்சும் பழக்கமும் நாகரிகக் குறைவோ என்று நான் கூசியதுண்டு. அந்தக் கூச்சம் இப்போது இல்லை.

இன்னொன்றும் மனத்தில் படுகிறது. பெருங்களத்தூரிலும் வண்டலூரிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் கட்டட வேலை செய்கிறார்கள். அவர்களை நாம் "ஏய்" என்கிறோம். அல்லது ஊர்ப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறோம். பாஷை தெரியாத என் அண்ணனிடம் முதல் நாளே வயதைக் கேட்டு 'தம்பி' என்றது ஒரு நாடு. வயது கேட்டு அண்ணன், தம்பி என்று அழைக்க நம்மிடமும் சொற்கள் இருக்கின்றன. அவற்றை நம்மூருக்கு வந்தவருக்கும் வழங்குவோம்.