புது புராசஸர் தேவையா?

சென்ற மாதம் தேன்கனிக்கோட்டையில் என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பிளஸ் டூ படிக்கும் அவர் மகன் என்னைத் தனியே அழைத்தான்.

"சித்தப்பா, கேம் விளையாடினா கம்ப்யூட்டர் திணறுது. படம் தடுக்கித் தடுக்கி ஓடுது. புது புராசஸர் போடணும். அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றான்.

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு அப்போதுதான் போனஸ் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் எஸ்.பி. ரோடுக்குப் போய் வாங்குவதென்று பையன் நாளே குறித்துவிட்டான். அண்ணியோ அந்தப் பணத்தில் மழைக்கு முன் மாடி ஒழுகலை அடைக்க வேண்டும் என்றிருந்தார்.

"வாங்கலாம். குற்றவாளி புராசஸர்தானா என்று முதலில் பார்த்துவிடுவோம்" என்றேன்.

இரண்டு வேலையாட்கள்

மாணவர்களே, கணிப்பொறி விளையாட்டில் நாம் காணும் அசைவு, சினிமாவைப் போலவே அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படங்களால் ஆனது. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பேர் உழைக்கிறார்கள். யார் எங்கே நிற்கிறார், பந்து எங்கே போகிறது என்று கணக்கிடுவது செயலி, அதாவது புராசஸர். அந்தக் கணக்கைக் கொண்டு திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு. கார்டு ஒரு படத்தைத் தீட்டும்போதே செயலி அடுத்த படத்தின் கணக்கைத் தொடங்கிவிடும்.

இதைச் சொன்னதும் அண்ணன் சிரித்தார். "எங்க அசெம்பிளி லைன் மாதிரிதான். ஒரு ஸ்டேஷன்ல 40 விநாடி, அடுத்ததுல 90 விநாடி ஆச்சுன்னா, 90 விநாடிக்கு ஒரு வண்டிதான் வெளியே வரும். முதல் ஆளை 20 விநாடியில முடிக்கச் சொன்னாலும் ஒரு வண்டிகூட அதிகமா வராது" என்றார்.

விஷயம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது. மெதுவானவர் யாரோ, அவரே வேகத்தைத் தீர்மானிக்கிறார். அவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காசில்லாத சோதனை

திரையின் நுணுக்கத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். 1920 × 1080 என்றால் 20,73,600 புள்ளிகள். 1280 × 720 என்றால் 9,21,600 புள்ளிகள். கார்டின் வேலை பாதிக்கும் கீழே போய்விடும். செயலியின் கணக்கோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆகவே நுணுக்கத்தைக் குறைத்ததும் படங்களின் எண்ணிக்கை கூடினால், மெதுவானவர் கார்டு. கூடாவிட்டால் செயலி.

விளையாட்டைத் தொடங்கிப் பார்த்தோம். விநாடிக்கு 40 படங்கள், அதாவது படத்துக்கு 25 மில்லி விநாடி. நுணுக்கத்தைக் குறைத்ததும் எண்ணிக்கை 66 ஆக உயர்ந்தது. அப்படியானால் செயலி தன் பங்கை 15 மில்லி விநாடிக்குள் முடித்துவிடுகிறது. தாமதம் கார்டினால்தான்! புதுச் செயலி போட்டாலும் 40 படங்கள் 40 ஆகவே இருந்திருக்கும்.

"ஆனா அரை மணி நேரம் கழிச்சுத்தான் ரொம்பத் திணறும்" என்றான் பையன். காத்திருந்தோம். எண்ணிக்கை 28க்கு இறங்கியது. நுணுக்கத்தைக் குறைத்தோம். அப்போதும் 28! இப்போது மெதுவானவர் செயலி. ஒரே இயந்திரத்தில் அரை மணி நேரத்தில் குற்றவாளி மாறிவிட்டார். ஏன்?

வெப்பம் செய்த வேலை

செயலியின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸை நெருங்கியிருந்தது. அதன் துடிப்பு வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸிலிருந்து 1.5க்கு இறங்கியிருந்தது. வெந்து போகாமல் தன்னைக் காத்துக்கொள்ளச் செயலி தானாகவே செய்யும் காரியம் இது. 15 மில்லி விநாடி வேலை இப்போது 36 மில்லி விநாடி பிடிக்கிறது. விநாடிக்கு 28 படங்கள் என்ற கணக்கு சரியாக வருகிறது அல்லவா?

செயலி செலவிடும் திறன், மின்னழுத்தத்தின் இருமடியையும் துடிப்பு வேகத்தையும் பொறுத்தது. வேகத்தை 20 சதவீதம் கூட்ட மின்னழுத்தத்தை 10 சதவீதம் ஏற்ற நேர்ந்தால், 1.2 × 1.1 × 1.1 = 1.45. வெப்பம் 45 சதவீதம் அதிகம்! 2005ஆம் ஆண்டு வாக்கில் உற்பத்தியாளர்கள் வேகத்தை ஏற்றிக்கொண்டே போவதை விட்டு, ஒரே செயலிக்குள் பல கோர்களை வைக்கத் திரும்பியதற்கு முக்கியக் காரணம் இந்த வெப்பம்தான்.

பெட்டியைத் திறந்தோம். பக்கத்துக் களத்தில் ராகி தூற்றிய தூசியெல்லாம் விசிறிக்குள் படிந்திருந்தது. தூரிகையால் துடைத்து, செயலிக்கும் அதன் மேலுள்ள உலோகத் தகட்டுக்கும் இடையே காய்ந்து கிடந்த பசையைச் சுரண்டிவிட்டுப் புதிது தடவினோம். அதன்பின் ஒரு மணி நேரம் ஓடியும் 40 குறையவில்லை. நிழல்களின் தரத்தைக் குறைத்ததும் கார்டின் சுமை இறங்கி, எண்ணிக்கை 50ஐத் தாண்டியது.

எப்போது மாற்றலாம்?

செயலியை மாற்றவே கூடாது என்று பொருளல்ல. நகரம் கட்டும் விளையாட்டுகளில் ஆயிரக்கணக்கான பாத்திரங்களின் நடமாட்டத்தைக் கணக்கிட வேண்டியிருப்பதால், பெரும்பாலும் செயலியே பின்தங்கும். வெப்பம் சரியாக இருந்தும் சோதனை செயலியையே காட்டினால் மாற்றலாம்.

அப்போதும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, கோர்களின் எண்ணிக்கையைக் கண்டு மயங்காதீர்கள். ஜீன் ஆம்டால் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1967இல் இதற்கு வழிகாட்டினார். 100 பங்கு வேலையில் 50 பங்கை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய முடியும் என்று கொள்வோம். மீதியை 4 கோர்கள் பகிர்ந்தால் 50 + 12.5 = 62.5. நான்கு பேர் உழைத்தும் வேகம் 1.6 மடங்குதான். ஆயிரம் கோர்கள் வந்தாலும் 2 மடங்கைத் தாண்டாது.

இரண்டாவது, செயலி மதர்போர்டில் பொருந்த வேண்டும். 2017இல் ரைசன் செயலிகளோடு பரவிய ஏ.எம்.4 சாக்கெட்டுக்கு 2022க்குப் பிறகும் புதிய செயலிகள் வந்தன. அதே 2022இல் வந்த ஏ.எம்.5 வேறு அமைப்பு. அதற்கு மாறினால் மதர்போர்டையும், பழையது டி.டி.ஆர்.4 என்றால் நினைவகத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும். ஒரு சாமான் வாங்கப் போய் மூன்று சாமான் ஆகிவிடும்!

எஸ்.பி. ரோடு பயணம் நின்றது. போனஸ் மாடிக்குப் போயிற்று. செலவானது ஒரு சிறு குழாய்ப் பசையின் விலை மட்டுமே.

உங்களுக்கு ஒரு கணக்கு: ஒரு கணிப்பொறியில் ஒரு படத்துக்குச் செயலி 20 மில்லி விநாடியும் கார்டு 12 மில்லி விநாடியும் எடுத்துக்கொள்கின்றன. இரு மடங்கு வேகமுள்ள கார்டை வாங்கிப் பொருத்தினால், விநாடிக்கு எத்தனை படங்கள் கூடும்? விடையைக் கண்டபின், அந்தக் கார்டை வாங்கலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.