பட்டம் கையில் இருக்கு... மனசுக்குப் பிடிச்ச வேலை எங்கே இருக்கு?

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பீர்கள். பக்கத்து இலையில் இருக்கும் மாமா சாம்பாரைப் பிசைந்துகொண்டே கேட்பார்: "அப்புறம் தம்பி, படிப்புதான் முடிஞ்சிருச்சே, அடுத்து என்ன?"

"வேலை தேடிட்டு இருக்கேன் மாமா" என்று சொல்லிவிடலாம். ஆனால் பலருக்கு மனசுக்குள் இருக்கும் பதில் வேறு: "எனக்கு எந்த வேலை சரிப்பட்டு வரும்னே தெரியல." இதை மாமாவிடம் சொல்ல முடியாது. அப்பாவிடம் சொல்லவே முடியாது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பதிலோடு இருப்பவர்களுக்கு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பிடித்த வேலையை அறைக்குள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. கொஞ்சம் செய்து பார்த்தால்தான் தெரியும். அப்படிச் செய்து பார்க்க உதவும் அரசு சேவைகள் பல, உங்கள் செல்போனிலிருந்தே தொடங்கக்கூடியவை.

வேலையின் பெயரைப் பார்க்காதீர்கள், அதன் ஒரு நாளைப் பாருங்கள்

என் கதையையே சொல்கிறேன். நான் இதழியல் படித்தவள். பட்டம் வாங்கியதும் ஒரு இணையதளத்தில் வேலை கிடைத்தது. "எம் பொண்ணு ஜர்னலிஸ்ட்" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ஆனால் என் ஒரு நாள் எப்படி இருந்தது? வேறெங்கோ வந்த செய்தியை எடுத்து, வார்த்தைகளை மாற்றி, தினமும் பதினைந்து போட வேண்டும். யாரிடமும் பேச வேண்டியதே இல்லை. ஐந்தாம் மாதம் விட்டுவிட்டேன். வீட்டில் இரண்டு வாரம் யாரும் சரியாகப் பேசவில்லை.

அந்தச் சமயத்தில் பெரியம்மாவின் உதவித்தொகை விண்ணப்பம் திரும்பி வந்தது. என்ன சான்று குறைகிறது என்று இ-சேவை மையத்தில் கேட்டு, எது எது வேண்டும் என்பதை ஒரு தாளில் எளிய தமிழில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் தெருவில் இரண்டு பேர் அதே தாளைக் கேட்டு வந்தார்கள். எழுதுவது எனக்குப் பிடிக்கும் என்று முன்பே தெரியும். யாருக்காக எழுதுவது பிடிக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நீங்களும் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். கடந்த மூன்று வருடத்தில், யாரும் சொல்லாமலே நீங்களாக இறங்கிச் செய்த மூன்று காரியங்கள் எவை? கல்லூரி விழாவுக்குக் கணக்குப் பார்த்ததா, தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததா, வண்டியைக் கழற்றி மாட்டியதா? 'நான் முதல்வன்' திட்டத்தில் படித்தவற்றில், மார்க்குக்காக இல்லாமல் ஆசையாக முடித்த பாடம் எது?

பிறகு, உங்கள் துறையில் இரண்டு மூன்று வருடம் முன்னே போனவர்களிடம் பேசுங்கள். "சம்பளம் எவ்ளோ அண்ணா?" என்பது இரண்டாவது கேள்வியாக இருக்கட்டும். முதல் கேள்வி: "நேத்து காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் என்ன வேலை பண்ணீங்க?"

அந்த அலுவலகத்தின் முழுப் பெயரைப் படித்திருக்கிறீர்களா?

'எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்' என்று நாம் சொல்லும் இடத்தின் பெயர்ப் பலகையில் 'மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்' என்று இருக்கும். பெயரின் முதல் பாதிக்காகப் போகிறவர்களே அதிகம். எந்தப் படிப்புக்கு எந்த வேலை, எந்தப் பயிற்சி என்று வழிகாட்டுவதும் அவர்கள் பணிதான். போய்க் கேளுங்கள், கட்டணம் கிடையாது.

பதிவை வேலைவாய்ப்புத் துறையின் இணையதளத்திலேயே செய்துகொள்ளலாம். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேதியை இப்போதே செல்போன் காலண்டரில் போட்டுவிடுங்கள். மறந்துவிட்டால் பதிவு மூப்பை இழக்க நேரிடலாம்.

தனியார் வேலைக்கு 'தமிழ்நாடு தனியார்துறை வேலை இணையம்' என்ற அரசு இணையதளம் இருக்கிறது. வேலை தேடுபவருக்கும் ஆள் தேடும் நிறுவனத்துக்கும் சேவை இலவசம். மாவட்ட மையங்களில் வெள்ளிக்கிழமைகளில் சிறிய அளவிலான வேலைவாய்ப்பு முகாம்களும் நடக்கும். உங்கள் மாவட்டத்தில் எந்த வெள்ளி என்று விசாரித்துக்கொள்ளுங்கள். முதல் முகாமிலேயே வேலை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. நான்கு நிறுவனங்களிடம் பேசினால், எந்த வேலையைப் பற்றிக் கேட்கும்போது உங்களுக்கு ஆர்வம் வருகிறது என்றாவது தெரிந்துவிடும்.

ஒரு வருடம் பழகிப் பார்க்கலாம்

தொழிற்பழகுநர் பயிற்சி என்றாலே ஐ.டி.ஐ. மாணவர்களுக்குத்தான் என்ற எண்ணம் இருக்கிறது. அப்படி இல்லை. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் பட்டதாரிகளும் பழகுநராகச் சேரலாம். இப்போது பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படித்தவர்களுக்கும் இடங்கள் அறிவிக்கப்படுகின்றன. இதற்கான தென்மண்டல வாரியம் சென்னை தரமணியில் உள்ளது. தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்யலாம்.

பயிற்சி பெரும்பாலும் ஒரு வருடம். மாத உதவித்தொகை உண்டு, அதில் ஒரு பங்கை ஒன்றிய அரசு ஏற்கிறது. பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு சேருங்கள். ஆனால் அந்த வேலையின் ஒரு நாள் எப்படி இருக்கும் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் வழி குறைவு.

அரசு வேலைதான் லட்சியமா?

நல்லது. டி.என்.பி.எஸ்.சி. இணையதளத்தில் ஒருமுறைப் பதிவுக்குக் கட்டணம் ரூ.150. ஐந்து ஆண்டுகள் செல்லுபடியாகும். தேர்வுக் கட்டணம் தனி. பாடத்திட்டமும் பழைய வினாத்தாள்களும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். மாவட்ட வேலைவாய்ப்பு மையங்களில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் பயிற்சியும் இலவசம்.

இங்கேயும் அதே கேள்விதான். குரூப் 2 மூலம் சார்பதிவாளர் ஆகலாம், குரூப் 4 மூலம் கிராம நிர்வாக அலுவலர் ஆகலாம். அந்த அலுவலகங்களில் ஒரு காலைப்பொழுது என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? வரிசையில் நிற்கும் மக்கள், ஆவணங்கள், சரிபார்ப்பு, கையெழுத்து. "இது எனக்கு ஒத்து வரும்" என்று தோன்றினால் படிப்பில் தானாகவே வேகம் வரும்.

இன்னொன்று. தயாரிப்புக்கு ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். "இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷம்" என்றே நான்கைந்து வருடம் ஓடிவிடக் கூடாது. எத்தனை தேர்வு, எந்த மாதம் வரை என்பதை வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

சொந்தத் தொழில் ஆசை இருந்தால்

முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 'நீட்ஸ்' திட்டம் உள்ளது. பட்டம், பட்டயம், ஐ.டி.ஐ. படித்தவர்களுக்குத் தொழில் முதலீட்டில் 25 விழுக்காடு மானியம், உச்சவரம்பு ரூ.75 லட்சம். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். கடன் வாங்கும் முன், சிறிய அளவில் செய்து பத்துப் பேருக்கு விற்றுப் பாருங்கள். பொருளோடு மல்லுக்கட்டுவது பிடிக்கிறதா, வாடிக்கையாளரோடு பேசுவது பிடிக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

பணம் கேட்டால் நில்லுங்கள்

"பதிவுக் கட்டணம் கட்டுங்க, ஆஃபர் லெட்டர் நாளைக்கே வந்துரும்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். வேலை இல்லாமல் மனசு சோர்ந்திருக்கும்போது அது நிஜம் போலவே தெரியும். எனக்கும் வந்தது. பணம் அனுப்பப் போன நேரத்தில் அண்ணன்தான் தடுத்தான். வேலை கொடுப்பவர் உங்களுக்குச் சம்பளம் தர வேண்டும், உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

வீட்டுக்கு இப்பவே சம்பளம் வேணுமா?

அப்படியென்றால் கிடைக்கிற நல்ல வேலையில் சேருங்கள். அது தோல்வி இல்லை. வாரத்தில் நான்கைந்து மணி நேரத்தை மட்டும் உங்களுக்கென்று ஒதுக்கி, நோட்டில் எழுதிய மூன்றில் ஒன்றை விடாமல் செய்துகொண்டிருங்கள். முதல் வேலையே கடைசி வேலையாக இருக்க வேண்டியதில்லை.

இந்த வாரம் மூன்றே மூன்று காரியம்: வேலைவாய்ப்புப் பதிவை முடியுங்கள், டிஜிலாக்கரில் சான்றிதழ்களைச் சேருங்கள், ஒரு அண்ணனுக்கோ அக்காவுக்கோ போன் போட்டு அவர்களுடைய நேற்றைய நாளைக் கேளுங்கள். அடுத்த கல்யாணப் பந்தியில் மாமா கேட்கும்போது, "ரெண்டு மூணு வேலையைச் செஞ்சு பாத்துட்டு இருக்கேன் மாமா" என்று சொல்லலாம்.